முழங்கால் வாங்கும் அடி

பெங்களூரில் தமிழ் அன்பர்கள் கூட்டிய அரங்கில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



மூட்டு வலியைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வலியைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் நடையைப் பார்த்துவிடுவோம். வாசலிலிருந்து இந்த நாற்காலி வரை நடந்து வந்தீர்கள் அல்லவா, அதில் ஒரே ஒரு சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வலது குதிகால் தரையில் பட்டதிலிருந்து மறுபடி அதே குதிகால் தரையில் படும்வரை ஒரு நொடியும் கொஞ்சமும் ஆகும். அதில் 60 சதவீத நேரம் அந்தக் கால் தரையில் ஊன்றியிருக்கிறது, மீதி 40 சதவீதம் காற்றில் வீசுகிறது.

குதிகால் தரையைத் தொடும் கணத்தில் முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும். தொட்டதும் 15, 20 டிகிரி மடங்கும். அப்படியே சரிந்துவிடாமல் தொடையின் முன்தசை பிடித்து நிறுத்தும். இந்தச் சின்ன மடிப்புதான் தரையிலிருந்து வரும் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. அடுத்து பாதம் முழுக்கப் படிகிறது, உடம்பு அதன்மேல் கடந்து போகிறது, மறுகால் அந்தரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் இடுப்பு ஒரு பக்கம் தொங்கிவிடாமல் காப்பது இடுப்பின் பக்கத் தசை. பிறகு குதிகால் எழும்பும், கெண்டைக்கால் உந்தும், கடைசியாகப் பெருவிரல் தரையை விட்டுப் பிரியும். இதில் எந்த இடத்தில் ஒரு தசை தன் வேலையைத் தவறவிட்டாலும், அந்த வேலை வேறு ஏதாவது ஒரு மூட்டின் தலையில் விழும். பெரும்பாலும் முழங்காலின் தலையில்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். முழங்காலின் நிலை அதுதான். மேலே இடுப்பு, கீழே பாதம். இடுப்பு எல்லாப் பக்கமும் சுழலும். பாதம் 26 எலும்புகளோடு மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். நடுவில் இருக்கும் முழங்காலுக்குத் தெரிந்தது முக்கியமாக மடங்குவதும் நீளுவதும்தான். மேலே நடக்கும் கோளாறும் கீழே நடக்கும் கோளாறும் அதன்மேல் முறுக்காகவோ சாய்வாகவோ வந்து இறங்குகின்றன. நான் இன்று உங்களிடம் கேட்டுக்கொள்ள வந்தது இதுதான்: முழங்காலில் வலித்தால் முழங்காலை மட்டும் பார்க்காதீர்கள். இடுப்பைப் பாருங்கள், பாதத்தைப் பாருங்கள், செருப்பைப் பாருங்கள், நடக்கும் தரையையும் பாருங்கள்.

நடக்கும்போது முழங்காலுக்குள் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பது நெடுங்காலம் கணக்குப் போட்டுத்தான் சொல்லப்பட்டு வந்தது. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவியை வைத்துப் பொருத்தி, நோயாளி நடக்க நடக்க உள்ளிருந்து வரும் எண்களைப் பதிவு செய்தார்கள். 2010இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல் சராசரியாக 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. படி இறங்கும்போது சுமார் 3.5 மடங்கு. 65 கிலோ எடையுள்ள ஒரு அம்மா சமதரையில் நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு முழங்காலில் 170 கிலோ. மாடிப்படி இறங்கினால் சுமார் 225 கிலோ.

65 கிலோ உடம்பில் 170 கிலோ எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தசைகளிடமிருந்து வந்தது. மூட்டு சரியாமல் இருக்கத் தொடைத் தசையும் கெண்டைத் தசையும் இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுப்பும் சேர்ந்து எலும்பை எலும்போடு அழுத்துகிறது. படி இறங்குகையில் முழங்கால் அதிகம் மடங்கிய நிலையில் உடம்பைத் தாங்கி மெல்ல இறக்க வேண்டும், ஆகவே இழுப்பும் கூடுகிறது. ஏறுவது மூச்சுக்குச் சிரமம், இறங்குவது மூட்டுக்குச் சிரமம். “ஏறிடுவேன் சார், இறங்கத்தான் முடியல” என்று நோயாளிகள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது.

இன்னொன்று, இந்தப் பாரம் சமமாகப் பிரிவதில்லை. நேரான கால் உள்ளவர்களுக்கே, நடக்கும்போது பத்தில் ஆறேழு பங்கு முழங்காலின் உட்பக்கத்தில்தான் இறங்கும். கால் கொஞ்சம் வெளிப்பக்கமாக வில்போல் வளைந்திருந்தால் உட்பக்கப் பாரம் இன்னும் ஏறும். உட்பக்கக் குருத்தெலும்பு தேயும், தேய்ந்ததால் கால் மேலும் வளையும், வளைந்ததால் மேலும் தேயும். வீட்டிலிருக்கும் பாட்டிமார்களின் பழைய புகைப்படத்தையும் இன்றைய காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

எடையைப் பற்றிச் சொன்னால் பலருக்கு மனம் வாடுகிறது. அப்படிச் சொல்லிச் சொல்லியே நோயாளிகளை விரட்டியடித்திருக்கிறோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் கணக்கு நம்பிக்கை தருகிற கணக்கு. எடை கூடுதலாக உள்ள மூட்டுத் தேய்மானக்காரர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2005இல் வெளிவந்த ஆய்வில், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ குறைகிறது என்று கண்டார்கள். 20 கிலோ குறைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் நடந்த ஆய்வில், ஐந்து கிலோ அளவுக்கு எடை குறைத்த பெண்களுக்கு வலியோடு கூடிய மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது.

இங்கே பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஏறக்குறைய 20,000 அடி, ஒரு காலுக்கு 10,000. ஒரு கிலோ குறைத்துக்கொண்டு போனால், அந்த ஒரே இரவில் ஒவ்வொரு முழங்காலும் பத்தாயிரம் தடவை நான்கு கிலோ மிச்சம் பிடிக்கும். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். மாதம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே இரவில் 14 கிலோமீட்டர் போகாதீர்கள். முந்தைய வாரங்களில் தினமும் நடந்து காலைப் பழக்கிக்கொண்டு போங்கள்.

மத்தளத்தின் மேல்பக்கமான இடுப்புக்கு வருவோம். லால்பாக்கில் காலை நேரத்தில் நடப்பவர்களைப் பின்னாலிருந்து கவனியுங்கள். சிலர் ஒவ்வோர் அடிக்கும் உடம்பை ஊன்றும் காலின் பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து, ஊசலாடி நடப்பார்கள். “வயசாயிடுச்சு, அப்படித்தான் நடப்பார்” என்று விட்டுவிடுகிறோம். ஒற்றைக்காலில் நிற்கும் அந்த அரை நொடியில் இடுப்பின் பக்கத் தசையால் தாங்க முடியாததால், உடம்பே அந்தப் பக்கம் சாய்ந்து ஈடுகட்டுகிறது. வேறு சிலருக்குத் தொடை உள்நோக்கிச் சாய்ந்து, முழங்கால் சில்லு தன் தடத்தை விட்டு ஒருபக்கமாக உரசும். இளம் பெண்களுக்கு மாடிப்படியிலும், சினிமாத் தியேட்டரில் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் சில்லைச் சுற்றி வரும் வலியில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இவர்களுக்கு முழங்காலில் தைலம் தேய்த்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். வேலை நடக்க வேண்டியது இடுப்பில். பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரோரம் ஒற்றைக்காலில் நிற்பது போன்ற எளிய பயிற்சிகளை மூன்று மாதம் விடாமல் செய்தவர்களின் நடை மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இப்போது பாதம். என்னிடம் வருகிறவர்களிடம் எக்ஸ்ரேயோடு பழைய செருப்பையும் கொண்டுவரச் சொல்வேன். கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் ஓர் அம்மா கொண்டுவந்த ஹவாய் செருப்பு நினைவிருக்கிறது. வலது செருப்பில் குதிகாலின் உள்விளிம்பு காகிதம்போல் மெலிந்து, வெளிவிளிம்பு புதிதுபோல் தடித்து இருந்தது. பெருவிரல் அழுந்தும் இடத்தில் பள்ளமே இல்லை. இடது செருப்பில் அந்தப் பள்ளம் ஆழமாக இருந்தது. குதிகாலின் வெளியோரம் லேசாகத் தேய்வது எல்லோருக்கும் உள்ளது, கால் அங்கேதான் முதலில் தரையிறங்கும். உள்விளிம்பு தேய்ந்தால் பாதம் உள்நோக்கிச் சரிகிறது என்று பொருள். பெருவிரல் பள்ளம் விழவில்லை என்றால் அந்தக் கால் உந்தவே இல்லை. அந்த அம்மா சொன்னதோ வலது முழங்கால் வலி. பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணுக்காலை அசைத்துப் பார்த்தபோது கெண்டைத் தசை கம்பியாக இறுகியிருந்தது. கணுக்கால் மேல்நோக்கி மடங்க இடம் கொடுக்கவில்லை, அதனால் பாதம் உள்ளே சரிந்து வழி தேடிக்கொண்டது, அதோடு முழங்காலும் உள்ளே முறுக்கிக்கொண்டது.

பாதத்தின் அடியில், குதிகாலிலிருந்து விரல்களின் அடி வரை பட்டையான நார்த்திசு ஒன்று ஓடுகிறது. 1954இல் ஹிக்ஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர் இதன் வேலையைத் தெளிவாக விளக்கினார். பெருவிரல் மேலே மடங்கும்போது இந்தப் பட்டை இழுபட்டுச் சுருண்டு, பாத வளைவை உயர்த்தி, தளர்ந்திருந்த பாதத்தை விறைப்பான நெம்புகோலாக மாற்றுகிறது. உட்கார்ந்த இடத்திலேயே பெருவிரலைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள், பாதத்தின் நடுக்குழி ஆழமாவது தெரியும்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியிலேயே குதிகாலில் முள் குத்துவதுபோல் வலிக்கிறதே, அது பெரும்பாலும் இந்தப் பட்டை குதிகாலோடு ஒட்டும் இடத்தில்தான். இரவெல்லாம் பாதம் தொங்கிய நிலையில் இருந்ததால் பட்டை சுருங்கிக் கிடக்கும். முதல் அடி அதைச் சட்டென்று இழுக்கும், பத்து அடி நடந்ததும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு கூராக வளர்ந்திருப்பதைக் கண்டு பயந்து வருகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்தக் கூர் உண்டு, அதை வெட்டி எடுக்க ஓட வேண்டாம். கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முன்பே கால்மேல் கால் போட்டு, விரல்களைக் கணைக்கால் பக்கமாக இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடித்து, பத்துத் தடவை செய்யுங்கள். கெண்டைக்காலுக்கும் நீட்டும் பயிற்சி கொடுங்கள். மொசைக், கிரானைட் தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்காக நின்று சமைப்பவர்கள் வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடுங்கள்.

செருப்பைப் பற்றிச் சொன்னதும், வெறுங்கால் நல்லதா செருப்பு நல்லதா என்ற கேள்வி வரும். இதில் நம் கர்நாடகத்திலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் உதய ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையான 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை எடுத்துப் பார்த்து, 1992இல் வெளியிட்டார்கள். செருப்பு, ஷூ போடும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரியும் குழந்தைகளில் 2.8 சதவீதம். விரல்களை மூடும் ஷூ போட்டவர்களுக்கே அதிகம், செருப்பு போட்டவர்களுக்குக் குறைவு. தட்டைப் பாதம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வலி கிடையாது, சிகிச்சையும் வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் பாதத் தசை வளரும் வயதில் எல்.கே.ஜி. பிள்ளையின் காலைக் காலை முதல் மாலை வரை கறுப்பு ஷூவுக்குள் பூட்டி வைக்கிறோமே, அதைப் பள்ளிகள் யோசிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட்டு மண்ணில் ஓட விடுங்கள்.

முழங்காலுக்கும் இதில் செய்தி உண்டு. சிகாகோவின் ரஷ் மருத்துவ மையத்தில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை அவரவர் ஷூவோடும் வெறுங்காலோடும் நடக்கவிட்டு அளந்தார்கள். வெறுங்காலில் முழங்காலின் உட்பக்கத்தை நெருக்கும் விசை சுமார் 12 சதவீதம் குறைந்தது. 2006இல் வந்த முடிவு இது. அதே குழு பின்னர், குதிகால் உயராத, வளையக்கூடிய எளிய செருப்பும் கனமான ஷூவைவிட முழங்காலுக்கு இலகு என்று கண்டது. விலை கூடுதலான ஷூதான் மூட்டைக் காக்கும் என்று கடன் வாங்கி வாங்குகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹை ஹீல்ஸுக்கு இந்தச் சலுகை இல்லை, அது முழங்காலின் உட்பக்க விசையையும் முன்பக்க விசையையும் கூட்டுகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு உடனே எச்சரிக்க வேண்டியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், அதிலும் பாதம் மரத்துப்போனவர்கள், ஓரடிகூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. சித்திரை, வைகாசி உச்சி வேளையில் கோயில் பிராகாரக் கல்லில் சுற்றி வந்து, பாதம் கொப்பளித்ததே தெரியாமல் வீடு போய்ச் சேர்ந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அதிகாலையில் போங்கள், அப்போதும் கனமான சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

மரத்துப்போன பாதம் ஏன் புண்ணாகிறது என்பதை உலகத்துக்குச் சொன்ன இடங்களில் ஒன்று நம் வேலூர். 1946இல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் பாதங்களை வருடக்கணக்காகக் கவனித்தார். சதை தானாக அழுகுவதில்லை. வலி தெரியாததால் அவர்கள் ஒரே இடத்தில் ஒரே அழுத்தத்தோடு ஆயிரமாயிரம் அடிகள் வைக்கிறார்கள். நமக்கென்றால் கொஞ்சம் உறுத்தியதும், அறியாமலேயே அடியை மாற்றி வைப்போம். அவர்களுக்கு அந்தச் செய்தி வராது. அதற்காகத்தான் அங்கே மைக்ரோசெல்லுலார் ரப்பரில் செருப்புச் செய்தார்கள். இன்று கடையில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயரில் உள்ள ரப்பர் அதுதான். வலிக்காமல் நடப்பது ஆபத்து என்று அவர் கண்டதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வலி நடையைத் திருத்துகிற ஆசான்.

அந்த வேலையின் தொடர்ச்சி இப்போது நம் ஊரில் நடக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில், டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று நாம் சொல்கிற இடத்தில், பேராசிரியர் அனந்தசுரேஷ் குழுவினர், கர்நாடக நாளமில்லாச் சுரப்பியியல் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து மரத்துப்போன பாதங்களுக்கென்று ஒரு செருப்பை வடிவமைத்தார்கள். 2022இல் செய்தி வந்தது. முப்பரிமாண அச்சில் செய்த உள்ளடி முழுக்கச் சின்னச் சின்ன வளைவுகள். ஓரிடத்தில் அழுத்தம் எல்லையைத் தாண்டினால் அங்குள்ள வளைவு டக்கென்று தலைகீழாகப் புரண்டு பாரத்தைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். கால் எழும்பியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை. மரத்துப்போன நரம்பு செய்யத் தவறிய வேலையை வெறும் வடிவம் செய்கிறது. இதைப் படித்த நாளில் எனக்கு உண்மையிலேயே கண் நிறைந்தது.

பலரும் என்னிடம் கேட்பது, “தேய்ஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க, இனி நடக்கலாமா?” நடக்கத்தான் வேண்டும். குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. அழுந்தி விடுபட்டு, அழுந்தி விடுபட்டுத்தான் மூட்டுத் திரவத்திலிருந்து அது சாரம் உறிஞ்சுகிறது. 50 வயதுக்கு மேற்பட்ட மூட்டுத் தேய்மானக்காரர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2022இல் வந்தது. உடற்பயிற்சிக்காக நடந்தவர்களுக்கு, நடக்காதவர்களைவிடப் புதிதாக அடிக்கடி வலி வரும் வாய்ப்பு 40 சதவீதம் குறைவு. கடிகாரத்தில் பத்தாயிரம் அடி காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 60 வயது தாண்டியவர்களுக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடிகளிலேயே பெரும்பாலான ஆயுள் பலன் கிடைத்துவிடுகிறது என்று அதே ஆண்டில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. எட்டி எட்டி வைக்காமல், அடியைக் குறுக்கி, சற்று வேகமாக வையுங்கள். மறுநாள் காலை வலி முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் தூரத்தைக் குறையுங்கள், நிறுத்திவிட வேண்டாம். மூட்டு வீங்கிச் சுட்டால், பூட்டுப் போட்டதுபோல் மாட்டிக்கொண்டால், படுத்திருக்கும்போதும் இரவில் குடைந்தால் மருத்துவரிடம் போங்கள்.

கைத்தடி பிடிக்க வெட்கப்படுகிறவர்களுக்கு ஒன்று. வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில். பாதிப்பேர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள், அதில் பலன் குறைவு. வலது கால் ஊன்றும்போது இடது கைத் தடியும் ஊன்றினால்தான் அந்த மூட்டின் பாரம் இறங்கும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

கடைசியாகத் தரை. இந்த ஊரின் நடைபாதை பெரும்பாலும் மழைநீர்க் கால்வாய்க்கு மேல் போட்ட கருங்கல் பலகைதான். ஒரு பலகை எழும்பியிருக்கும், அடுத்தது ஆடும். ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் நடைபாதையை வெட்டி இறக்கியிருப்பார்கள். நூறு மீட்டருக்குள் ஏழெட்டுத் தடவை ஏறி இறங்க வேண்டும். இறங்கும் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் என்ன விலை கொடுக்கிறது என்பதை முன்பே பார்த்தோம். இது வேண்டாம் என்று பெரியவர்கள் சாலை ஓரத்தில் இறங்கி நடக்கிறார்கள். தண்ணீர் வடிவதற்காகச் சாலை ஓரம் சரிவாகப் போடப்பட்டிருக்கும். தினமும் ஒரே பக்கமாக அந்தச் சரிவில் நடந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தும் ஒரு கால் உயர்ந்தும் படியும். நல்ல நடைபாதை இங்கே சாத்தியமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு, கன்னிங்ஹாம் ரோடு பக்கம் டெண்டர்ஷூர் திட்டத்தில் அகலமாக, சமமாகப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அங்கே காட்டிய அக்கறையை ஸ்ரீராமபுரத்துக்கும் சிவாஜிநகருக்கும் கேட்பது நம் உரிமை.

நடைபாதை விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, நடக்கும் அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012இல் விதிமுறை வகுத்தது. நாளைக் காலை நடக்கப் போகும்போது தையல் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் தெருவிலிருந்து பால் பூத் வரை, மருந்துக் கடை வரை அளந்து பாருங்கள். எந்த எண்ணுள்ள வீட்டின் எதிரே எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பலகை ஆடுகிறது என்று எழுதி, படத்தோடு வார்டு பொறியாளரிடம் கொடுங்கள். எனக்கு மூட்டு வலி, இந்த இடத்தில் என்னால் இறங்க முடியவில்லை என்று மனுவில் ஒரு வரி சேருங்கள். கன்னடத்தில் எழுதித் தர ஆள் வேண்டுமென்றால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.